நான்கு மணி நேரப் பனி

டார்லீனின் வீடியோ வெளிவரும் நாளில் எங்கள் அலுவலகத்தில் யாரும் தனியாகச் சாப்பிடுவதில்லை. பயம்தான் காரணம். திட்டு வாங்கப் போவது உறுதி என்றால் கூட்டமாக நின்று வாங்குவது கொஞ்சம் தெம்பு.

டார்லீன் எங்கள் மாண்ட்ரியல்காரி இல்லை. ஏழு மணி நேரத் தொலைவில், சட்பரியில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டால் மதியம் ஏற்றப் போகும்வரை அவளுக்கு ஐந்து மணி நேரம் சும்மா கிடக்கும். அந்த நேரத்தில் எங்கள் 'பனித்துறை' விளையாட்டின் ஐந்து பாகங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, முன்பு இருந்தது இப்போதும் இருக்கிறதா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பாள். அவள் சேனலின் பெயரே 'கதவு திறக்குமா?' ஒவ்வொரு பாகத்திலும் ஊரில் உள்ள ஒவ்வொரு கதவையும் போய்த் தள்ளிப் பார்த்துவிடுவாள். முதல் பாகத்தில் அறுபத்தொரு கதவு, அத்தனையும் திறந்தன. ஐந்தாம் பாகத்தில் நாலாயிரத்துச் சொச்சம் கதவு, திறந்தவை முந்நூற்று ஒன்பது. மிச்சமெல்லாம் சுவரில் வரைந்த படம். இந்தக் கணக்கை அவள் சொல்லித்தான் எங்களுக்கே தெரியும். நாங்கள் எண்ணிப் பார்த்ததில்லை.

என் பெயர் மிரேய். ஆறு வருடமாக இங்கே டெஸ்டர். விளையாட்டை வெளியே விடுவதற்கு முன்னால் அதை உடைத்துப் பார்ப்பது என் தொழில். சுவரில் முட்டுவேன், படகை மாடிப்படியில் ஏற்றுவேன், பாதிரியாரிடம் நாற்பது தடவை ஒரே கேள்வியைக் கேட்பேன். எங்கே உடைகிறதோ அதைப் பிழைச்சீட்டில் எழுதிப் போடுவேன். பிழை சரியானதும் நானே பார்த்துச் சீட்டை மூடுவேன். ஒப்பந்த வேலை. வருடா வருடம் டிசம்பர் இருபதாம் தேதி முடியும், அவர்கள் நீட்டினால் உண்டு.

பனித்துறையின் முதல் பாகம் வந்து பதினெட்டு வருடம் ஆகிறது. மெத்தைக் கடைக்கு மேலே ஒழுகும் மாடியில் உட்கார்ந்து ஒன்பது பேர் செய்தது. ஒரு மீனவ ஊர், ஒரு குளிர்காலம், அவ்வளவுதான். ஆனால் அந்த ஊரில் சேற்றுக் காலோடு ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் வீட்டுக்காரி துடைப்பத்தோடு வருவாள். கையில் மீன் இருந்தால் பூனை பின்னாலேயே வரும். ரொட்டி திருடினால் மறுநாள் கடைப் பலகையில் விலை ஏறியிருக்கும். இரண்டாம் பாகத்தில் நாங்கள் நாற்பது பேரானோம், பூனைகள் ஆறாயின. மூன்றாம் பாகத்தில் பூனை இருந்தது, பின்னால் வரவில்லை. நான்காம் பாகத்தில் பூனையின் ரோமம் காற்றில் அசைந்தது, அதை விளம்பரத்தில் போட்டோம். ஐந்தாம் பாகத்துக்கு நானூறு பேர். மூன்று நகரம், ஒரு மலைத்தொடர். குதிரையின் கண்ணிமை ஒவ்வொன்றையும் எண்ணிவிடலாம். அந்தக் குதிரை ஒரு வாய் தண்ணீர் குடிக்காது. இப்படிச் சொன்னால் இங்கே சிலருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வரட்டும், நானும் அந்த நானூறில் ஒருத்திதானே.

அந்த ஒன்பது பேரில் இன்னும் இங்கே இருப்பது ரெஜான் மட்டும்தான். ஐம்பத்துமூன்று வயது. கோடையிலும் ஒரே பச்சைக் கம்பளிச் சட்டை. எதையாவது சொல்வதற்கு முன் மூக்கைத் தேய்த்துக்கொள்வான், சில சமயம் தேய்த்ததோடு சரி, பேச்சு வராது. முதல் பாகத்தின் கூரைப் பனி அவன் செய்தது. ஒரு வீட்டுக்குள் அடுப்பை மூட்டினால் சூடு மெல்ல மேலே ஏறும், கூரைப் பனி இளகும், திடீரென்று மொத்தமும் சரிந்து வாசலில் நிற்கிறவர் தலையில் தொப்பென்று விழும். வரி வசூலிக்க வருகிறவனை வாசலிலேயே பேச்சுக் கொடுத்து நிறுத்திவைத்துப் பனியில் மூடுவதற்காகவே அந்த விளையாட்டை வாங்கினவர்கள் உண்டு. இரண்டாம் பாகத்தில் பனி விழுந்தது, ஆனால் தலையில் தங்காமல் உடம்புக்குள் புகுந்து தரைக்குப் போனது. மூன்றிலும் நான்கிலும் அது கூரையோடு ஒட்டிய வெள்ளை நிறம், அவ்வளவே.

ஐந்தாம் பாகத்தில் அதை மறுபடி கொண்டுவர ரெஜான் பதினான்கு மாதம் உழைத்தான். இருநூற்றுப் பன்னிரண்டு கூரை. ஒவ்வொன்றும் எவ்வளவு சாய்வு, மரமா தகரமா, புகைபோக்கி எந்தப் பக்கம், வீட்டுக் கதவை ஒரு தடவை திறந்து மூடினால் எவ்வளவு சூடு வெளியே போகும் என்று ஒன்றையும் விடவில்லை. தயாரிப்புப் பொறுப்பிலிருக்கும் ஓடில் இதற்கு அனுமதி கொடுத்தபோதே ஒரு நிபந்தனையும் போட்டாள். வெளியே நாலு பேராவது அந்தப் பனியைப் பற்றிப் பேசவேண்டும். பேசவில்லையென்றால் ஆறாம் பாகத்தில் பனி கிடையாது, ரெஜான் தொப்பிப் பிரிவுக்குப் போகவேண்டும். விளையாடுகிறவர்கள் காசு கொடுத்து வாங்கித் தங்கள் ஆளுக்கு மாட்டிவிடும் தொப்பிகளைச் செய்கிற இடம் அது. நல்ல இடம்தான். சன்னல்கூட இருக்கிறது. ரெஜான் அந்தப் பக்கம் நடப்பதைத் தவிர்க்கக் கழிப்பறைக்குக் கீழ்மாடி போவான்.

அக்டோபரில் ஐந்தாம் பாகம் வெளிவந்தது. நவம்பர் முதல் வாரம் டார்லீனின் வீடியோ வந்தது. உணவறைப் பெரிய திரையின் முன்னால், உருளை வறுவல்மேல் குழம்பு ஊற்றிய பூட்டீன் ஆளுக்கொரு தட்டோடு நாங்கள் உட்கார்ந்தோம்.

"உட்காருங்க பிள்ளைங்களா, பெல்ட்டைப் போடுங்க" என்று வழக்கம்போல் தொடங்கினாள். குதிரையைத் தொட்டிக்கு இழுத்துப் போய்க் காட்டினாள். சேற்றுக் காலோடு ஒரு மாளிகைக்குள் போய்க் கட்டிலில் ஏறி நின்றாள், அந்த வீட்டுக்காரி வானிலையைப் பற்றிப் பேசினாள். பிறகு கூரைப் பனிக்கு வந்தாள். ரொட்டிக்காரன் வீட்டு அடுப்பை மூட்டிவிட்டு, வாணலியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வாசலில் நின்றாள். வாணலியைத் தலையில் கவிழ்க்கலாம் என்று ஐந்தாம் பாகத்தில் யார் முடிவு செய்தார்களோ, தெரியாது. பத்து நிமிடம் நின்றாள். ஒரு நொடியையும் வெட்டாமல் பத்து நிமிடத்தையும் அப்படியே காட்டினாள். நடுவில் நகம் வெட்டிக்கொண்டாள்.

"முதல் பாகத்துல ஒன்பது பேர் சேர்ந்து என் தலையில பனியைக் கொட்டினாங்க" என்றாள் கடைசியில். "இதுல நானூறு பேர் சேர்ந்து கூரைக்கு வெள்ளையடிச்சிருக்காங்க. நல்லா அடிச்சிருக்காங்க, குறை சொல்லக் கூடாது."

அறை முழுக்கச் சிரிப்பு. அப்புறம் ஒவ்வொருவருக்காக ரெஜானின் ஞாபகம் வந்து சிரிப்பு நின்றது. அவன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். "இருக்கே. விழுறதைப் பார்த்தேனே" என்றான், யாரிடமும் இல்லாமல். பிறகு தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டான். பாதிகூடச் சாப்பிடவில்லை.

நான் என் தட்டைக் கீழே வைத்தேன். நானும்தான் பார்த்தேன். நூறு தடவையாவது பார்த்திருப்பேன். எங்கே பார்த்தேன் என்பதுதான் விஷயம்.

டெஸ்டர்களிடம் மிளகாய் என்று ஒன்று உண்டு. எங்கள் விசைப்பலகையில் சிவப்புக் காகிதம் ஒட்டிய ஒரு விசை. அதைத் தட்டினால் விளையாட்டுக்குள் நேரம் அறுபது மடங்கு வேகமாக ஓடும். ஒரு மாவு புளிக்க ஒரு மணி நேரமானால், காத்துக்கொண்டா இருப்பார்கள்? மிளகாய் போட்டால் ஒரு நிமிடம். விதி என்னவென்றால், மிளகாய் போட்டுப் பார்த்ததை மிளகாய் இல்லாமலும் ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் சீட்டை மூடவேண்டும். அந்த விதி சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது. அதன்மேல் யாராவது கோட்டு மாட்டுவார்கள்.

அன்று மாலை பழைய சீட்டைத் தேடி எடுத்தேன். கூரைப் பனி, இருநூற்றுப் பன்னிரண்டு வீடு. கீழே என் கையால் எழுதியிருந்தது: 'விழுகிறது. அழகு. மூடலாம்.' மிளகாய் இல்லாமல் பார்த்ததற்கான கட்டத்திலும் கூசாமல் சரி போட்டிருந்தேன்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு என் வீட்டில், கடையில் வாங்கிய விளையாட்டைப் போட்டு, ரொட்டிக்காரன் வீட்டு அடுப்பை மூட்டினேன். என் ஆளை வாசலில் நிறுத்தினேன். அசையாமல் இருந்தால் கருவி தானாக அணைந்துவிடும் என்பதால் கன்ட்ரோலரின் குச்சியில் ரப்பர் வளையம் மாட்டிச் சுவரோடு முட்டிக்கொண்டே இருக்கும்படி செய்தேன். பிறகு துணி துவைத்தேன். காரின் மேலிருந்த நிஜப் பனியைச் சுரண்டினேன். காய்கறி வாங்கி வந்தேன். சூப்பு வைத்தேன். பன்னிரண்டு மணிக்கு நான் வெங்காயத் தோலைக் குப்பையில் போட்டுக்கொண்டிருந்தபோது, முன்னறையிலிருந்து தொப்பென்று சத்தம் கேட்டது.

நாலு நிமிடம் என்று ரெஜான் நினைத்தது நாலு மணி நேரம். தன் மேசையில் அவனும் மிளகாயைப் போட்டுக்கொண்டேதான் கணக்கைச் சரிபார்த்திருக்கிறான். அது அவனுக்குப் பழகிப்போன வேகம், கண்ணில் படவில்லை. அந்த மாதிரித் தவறைப் பிடிக்கத்தான் என்னை வைத்திருக்கிறார்கள்.

திங்கட்கிழமை பேகல் ரொட்டிக் கடை வரிசையில் ரெஜான் எனக்கு முன்னால் நின்றான். நான் சுற்றி வளைக்கவில்லை.

"பனி விழுது ரெஜான். நாலு மணி நேரம் ஆகுது."

மூக்கைத் தேய்த்தான். "நாலு நிமிஷம்."

"மிளகாய் போட்டா நாலு நிமிஷம். நான் போடாம பார்க்கவே இல்ல. பார்த்தேன்னு பொய்யா சரி போட்டுட்டேன்."

வரிசை இரண்டு அடி நகர்ந்தது, அவன் நகரவில்லை. பின்னால் இருந்தவர் இருமினார். திட்டுவான் என்று காத்திருந்தேன். திட்டினால் எனக்கும் நிம்மதியாக இருந்திருக்கும்.

"எப்படி விழுந்துச்சு?" என்று கேட்டான்.

"எது?"

"பனிதான். ஒரே கட்டியாவா?"

"முதல்ல ஓரம் உடைஞ்சுது. அப்புறம் மொத்தமா வந்துச்சு. சத்தத்தை அடுப்படியிலிருந்துதான் கேட்டேன். அப்புறம் திருப்பிப் போட்டுப் பார்த்தேன்."

"ஓரம் உடைஞ்சுதா" என்றான். அந்த முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்த்தபோது எனக்கு அங்கேயே நிலம் பிளந்து உள்ளே போய்விடலாம் போல் இருந்தது.

சரிசெய்ய ஒரு எண்ணை மாற்றினால் போதும். ஆனால் அதற்கு மூடிய சீட்டைத் திறக்கவேண்டும். எங்கள் இடத்தில் மூடிய சீட்டை யாராவது திறந்தால், அதை மூடியவரின் பெயர் கூடத்துச் சுவர்த்திரையில் ஒரு வாரம் சிவப்பு எழுத்தில் ஓடும். அப்படி ஓடியவர்களில் டிசம்பரைத் தாண்டியவர்கள் குறைவு. ரெஜான் இதெல்லாம் தெரிந்தவன்.

"திறக்காதே" என்றான். "டிசம்பர் வரைக்கும் வாயை மூடிட்டு இரு. நான் தொப்பி செய்யப் போறேன்."

"உனக்குத் தொப்பி செய்யத் தெரியாது."

"கத்துக்கறேன். வட்டமா இருக்கும், அவ்வளவுதானே."

பெருந்தன்மையாக நடந்துகொள்கிறவர்களிடம் எனக்குப் பொறுமை கிடையாது. பாதித் தூக்கத்தில் நான் போட்ட ஒரு சரிக்கு இந்த மனுஷன் மிச்ச காலத்தைத் தொப்பியில் கழிக்கவேண்டுமா? பேகலை வாங்காமலே அலுவலகத்துக்கு நடந்து போய் சீட்டைத் திறந்தேன். 'மிளகாய் இல்லாமல் பார்க்கவில்லை. பார்த்ததாக எழுதியது பொய். தவறு என்னுடையது' என்று எழுதினேன். அவன் கணக்கைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. பத்து மணிக்கு என் பெயர் சுவரில் சிவப்பாக ஓடியது. பெயரில் ஒரு எழுத்துப் பிழை இருந்தது, அதற்கும் ஒரு சீட்டு எழுதலாமா என்று யோசித்தேன்.

ஓடில் கெட்டவள் இல்லை. ஆனால் அவள் தலையில் அந்த வாரம் வேறு இடி விழுந்திருந்தது. விளையாட்டுக்குள் விற்ற ஊதா நிறத் தொப்பி ஒன்று நிலா வெளிச்சத்தில் பழுப்பாகத் தெரிந்தது. அதைச் சரிசெய்யப் பதினோரு பேர் உட்கார்ந்திருந்தார்கள். குளிர்காலத்தில் வெளியிடும் திருத்தத்தில் இரண்டு விதப் பிழைக்குத்தான் இடம்: விளையாட்டே நின்றுபோவது, தொப்பிக்கு ஏதாவது ஆவது.

"நாலு மணி நேரம் வாசல்ல யாரு நிப்பாங்க, மிரேய்?"

"யாரும் நிக்க மாட்டாங்க."

"அப்போ விழுந்தா என்ன, விழாட்டி என்ன? ஆறாவதுல இதுக்குச் செலவு பண்ணச் சொல்லி நான் மேல போய்க் கேட்க முடியாது." என் சீட்டைத் திரையில் எடுத்தாள். "உன் விஷயத்தை டிசம்பர்ல பேசிக்கலாம்."

சரிசெய்யப் போவதில்லை என்று தீர்மானித்த பிழைகளுக்கு எங்களிடம் ஒரு முத்திரை இருக்கிறது. 'வேண்டுமென்றே இப்படி அமைத்தது' என்று. அதைக் குத்திவிட்டால் பிழை பிழையில்லை. குதிரை தண்ணீர் குடிக்காததும் அந்த முத்திரைதான், நாலாயிரம் கதவும் அந்த முத்திரைதான். ஓடில் பனிக்கும் அதைக் குத்தினாள். ஒரு விரல், ஒரு தட்டு.

அந்த முத்திரைக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்பதை எங்கள் கட்டடத்தில் எல்லோரும் மறந்துபோயிருந்தோம். முத்திரை குத்தியதெல்லாம் தானாக ஷெர்ப்ரூக் நகரத்தில் இருக்கிற உதவிப் பிரிவின் பதில் பட்டியலுக்குப் போய்விடும். அங்கே சில பேர் உட்கார்ந்து விளையாடுகிறவர்களின் கடிதங்களுக்குப் பதில் போடுவார்கள். டார்லீன் வீடியோவுக்குப் பிறகு பனி எங்கே என்று கேட்டு அறுநூறு கடிதம் வந்திருந்தது. பதில் இல்லாததால் எல்லோரிடமும் வருத்தம் தெரிவித்துக்கொண்டிருந்தார்கள். வியாழக்கிழமை பதில் கிடைத்துவிட்டது. அறுநூறு பேருக்கும் அனுப்பினார்கள். அறுநூறில் டார்லீனும் ஒருத்தி.

வெள்ளிக்கிழமை வீடியோவில் அவள் அதை மூன்று தடவை வாசித்தாள். 'அன்புள்ள விளையாட்டாளரே, கூரைப் பனி எங்கள் அமைப்பின்படியே, அடுப்பை மூட்டிய நான்கு மணி நேரத்தில் விழும். வேறு ஏதேனும் உதவி வேண்டுமா?' மூன்றாம் தடவை படிக்கும்போது சிரித்துச் சிரித்து வந்த கண்ணீரைத் துடைத்துக்கொண்டாள். திங்கட்கிழமை காலை வண்டியை நிறுத்திவிட்டு வந்து நேரலையில் பார்த்துவிடலாம், வேலைவெட்டி இல்லாதவர்கள் வரலாம் என்றாள்.

இரகசியத்தை வெளியே விட்டது யார் என்று ஓடில் ஒவ்வொரு மேசையாக விசாரித்தாள். என் மேசையில் கொஞ்சம் அதிகமாகவே நின்றாள். ஷெர்ப்ரூக்கைக் கேட்டபோது, உங்கள் முத்திரையைப் பார்த்துத்தான் எழுதினோம் என்று மரியாதையாகப் பதில் வந்தது. அதற்குப் பிறகு விசாரணை நின்றது.

திங்கட்கிழமை ஒன்பதே முக்காலுக்கு டார்லீன் அடுப்பை மூட்டி, வாணலியைக் கவிழ்த்துக்கொண்டு வாசலில் நின்றாள். முதல் ஒரு மணி நேரம் ஆயிரத்து இருநூறு பேர் பார்த்தார்கள். பாதிப் பேர் கேலி செய்யத்தான் வந்தவர்கள். நாங்கள் உணவறையில் திரையை ஓடவிட்டு, வேலை செய்கிற மாதிரி நடித்துக்கொண்டிருந்தோம்.

இரண்டாம் மணி நேரத்தில்தான் அது தொடங்கியது. எதிர் வீட்டுக் கொடியில் தொங்கிய ஈரத் துணி மெல்ல விறைத்துப் பலகையானது. ஒரு பெண் வந்து அதைக் கதவு மாதிரி அக்குளில் இடுக்கிக்கொண்டு போனாள். டார்லீன் பேச்சை நிறுத்தினாள். கொஞ்ச நேரத்தில் செருப்புத் தைக்கிறவன் தன் கடையிலிருந்து எட்டிப் பார்த்து, யாரும் இல்லையென்று நினைத்து, பக்கத்து வீட்டு விறகில் இரண்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனான். பூனை ஒன்று வந்து ரொட்டிக்காரன் வீட்டுச் சுவரோரம், உள்ளே அடுப்பு இருக்கிற இடமாகப் பார்த்து, சூட்டுக்கு ஒட்டிப் படுத்தது.

எங்கள் பக்கத்து மேசைப் பெண் எழுந்து நின்றாள். ஏழு மாதம் பூனைக்காக உட்கார்ந்தவள் அவள். "அது என்னோடது" என்றாள். விறைத்த துணி மூன்றாம் மாடியில் ஒருத்தனுடையது, ஓடி வந்தான். விறகுத் திருட்டு யாருடையது என்று யாருக்கும் தெரியவில்லை. பிறகு கணக்குப் பிரிவில் ஒருவர் கையைத் தூக்கினார், முன்பு விளையாட்டுக் குழுவில் வேலை பார்த்தவராம். ஒவ்வொருவரும் ஒரு மூலையில் எதையோ செய்து வைத்துவிட்டு, பக்கத்தில் இருக்கிறவன் ஒன்றுமே செய்யவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறோம். அந்த ஊரில் இதுவரை விளையாட வந்தவர் ஒருவரும் ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போல் நின்று பார்த்ததில்லை. குதிரையில் ஏறி மலைக்குப் போய்விடுவார்கள். அந்தக் குதிரையையும் நாங்கள்தான் கொடுத்தோம்.

ஒன்றே முக்காலுக்கு முப்பதாயிரம் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானூறு பேரில் வேலை செய்தவர் ஒருவரும் இல்லை. ஓடில் வாசல் நிலையில் சாய்ந்து கைகட்டி நின்றாள். நேரம் வந்தது, போனது. பனி விழவில்லை.

ரெஜான் என் முழங்கையைப் பிடித்தான். "கதவைத் திறந்துட்டா" என்றான். "ரெண்டு தடவை. பூனை வந்தப்போ ஒண்ணு, அதுக்கு முன்னாடி சும்மா ஒண்ணு. தடவைக்குப் பதினோரு நிமிஷம் சூடு போயிடும்."

கதவு கண்ணில் பட்டால் திறந்து பார்ப்பது அவள் குணம். ரெண்டு ஏழுக்குத்தான் இனி விழும். அவள் பேருந்து ரெண்டு மணிக்கு. பிள்ளைகளைப் பள்ளி வாசலில் காக்கவைக்க முடியாது. இதையெல்லாம் அவளுக்குச் சொல்ல எங்களுக்கு அனுமதி இல்லை. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வாழ்க்கையில் எதற்காகவும் அவ்வளவு வேண்டிக்கொண்டதில்லை, அதுவும் விசைப்பலகையில் செய்த பனிக்கு.

ரெண்டு மணிக்கு ஒரு நிமிடம் இருக்கும்போது டார்லீன் ஆரஞ்சு மேல்சட்டையை மாட்டினாள். "மன்னிச்சுக்குங்க பிள்ளைங்களா, நிஜப் பிள்ளைங்க நிப்பாங்க" என்றாள். போகிற போக்கில், எதற்கும் இருக்கட்டும் என்று கன்ட்ரோலரின் குச்சியில் ரப்பர் வளையத்தை மாட்டினாள். நேரலையை அணைக்கவில்லை. கதவு சாத்தும் சத்தம் கேட்டது. காலி நாற்காலி, திரையில் வாணலித் தலையோடு சுவரை முட்டிக்கொண்டிருக்கும் ஓர் ஆள், காலடியில் பூனை. முப்பதாயிரம் பேரில் ஒருவர்கூட எழுந்து போகவில்லை.

ரெண்டு ஐந்துக்குப் பூனை தலையைத் தூக்கிக் கூரையைப் பார்த்தது. பிறகு எழுந்து, அவசரம் இல்லாமல், நாலடி தள்ளிப் போய் உட்கார்ந்தது. பூனைக்காரப் பெண் அழுதுவிட்டாள். ரெண்டு ஏழுக்குக் கூரையின் ஓரம் உடைந்தது. அப்புறம் மொத்தமும் வந்தது. வாணலி டங்கென்று ஒலித்தது, அதன்மேல் தொப்பென்ற சத்தம், பிறகு வாசலில் ஒரு வெள்ளைக் குவியல் மட்டும். ரெஜான் மூக்கைத் தேய்த்துக்கொண்டே இருந்தான், நிறுத்தவில்லை.

உலகத்தில் அதைப் பார்க்காமல் போனது டார்லீன் ஒருத்திதான். நாலரைக்கு வந்து குவியலைப் பார்த்தாள். திருப்பிப் போட்டுப் பார்த்தாள். "கதவு இன்னும் வரைஞ்ச கதவுதான்" என்றாள் கடைசியில். "ஆனா இந்த ஊர்ல ஆள் இருக்காங்க. நான்தான் நின்னு பார்க்கல."

மறுநாள் ரெஜான் ஓடிலிடம் போனான். நாலு மணி நேரம் தன் கணக்குத் தவறு, ஒரு எண்ணை மாற்றினால் நாலு நிமிடமாகிவிடும், அனுமதி வேண்டும் என்று கேட்டான். நானும் கூடப் போயிருந்தேன்.

"அந்த எண்ணைத் தொட்டே, உன்னைத் தொப்பிப் பிரிவுக்கு அனுப்பிடுவேன்" என்றாள் ஓடில்.

"அது தப்பு, ஓடில்."

"அது வேணும்னே வச்சது. நானே முத்திரை குத்தியிருக்கேன்."

ஆறாம் பாகத்தில் பனி உண்டு, நாலு மணி நேரம் உண்டு. உலகமே மெச்சுகிற தன் தவறோடு ரெஜான் மிச்ச காலத்தை ஓட்டவேண்டும். பல்லில் சிக்கிய நாரோடு திரிகிற மாதிரி திரிகிறான்.

டிசம்பர் இருபதாம் தேதி ஓடில் என்னைக் கூப்பிட்டாள். மேசையைக் காலி செய்ய அட்டைப்பெட்டியை முன்னாலேயே எடுத்துவைத்துவிட்டுத்தான் போனேன். ஒரு தாளை நீட்டினாள். ஆறாம் பாகம், முந்நூற்று நாற்பது கூரை. ஒவ்வொன்றின் கீழும் நான் நின்று, நான்கு மணி நேரமும் முழுசாக, மிளகாய் இல்லாமல் பார்க்கவேண்டும். ஆயிரத்து முந்நூற்று அறுபது மணி நேரம். அதற்கே ஏறக்குறைய ஒன்பது மாதம் ஆகும்.

"தண்டனையா?" என்று கேட்டேன்.

"வேணும்னே வச்சது" என்றாள். சிரிக்கவில்லை, ஆனால் பேனாவின் மூடியை அவளே திறந்து கொடுத்தாள்.

ஜனவரி ஆறாம் தேதி காலை ஒன்பதேகாலுக்கு முதல் வீட்டு அடுப்பை மூட்டிவிட்டு, என் ஆளை வாசலில் நிறுத்தினேன். பழக்கதோஷத்தில் விரல் தானாகச் சிவப்பு விசைக்குப் போனது. அந்த இடத்தில் ஓட்டைதான் இருந்தது. ரெஜான் காலையிலேயே வந்து, விசையைப் பிடுங்கிப் பச்சைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போயிருந்தான்.